அவலநகையும் காண்போர் கருத்தும்

ஒரே நிகழ்ச்சியைக் கண்ட இருவருள் ஒருவர் நகைக்க, மற்றொருவர் முகஞ்சுளிப்பாராயின், அவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? காட்சியின் இயல்போ, கண்டாரின் இயல்போ? இவ்வினா திரைப்படத்தோடு பிறந்ததன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரைகண்ட பெருமக்கள் இதனை எழுப்பி விடையும் கூற முயன்றனர். அச்சந்தரும் விலங்கொன்றைக் கண்டு அஞ்சி ஓடிவருகின்றான் ஒருவன். அவனைக் காண்பார்க்கு அச்சம் பிறப்பதில்லை. அவனை நோக்கி நகுதலோ, அவன்பால் இரக்கங்கொள்ளுதலோதான் பிறக்கும் என்பது அவ்வுரைமரபிற் காணும் கருத்து. ஒருவனது நடுக்கமே ஒருவர்க்கு நகையாகவும் மற்றொருவர்க்கு இரக்கமாகவும் ஆதல் கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

இன்று செய்தித்தாள்கள் ‘கறுப்பு நகைச்சுவை’ என வழங்கும் திரைப்பட வகை, இவ்விரண்டற்கும் இடைப்பட்ட நிலத்தில் வேண்டுமென்றே நிற்பது. கொலை, வஞ்சம், நோய், சாவு ஆகிய அவலப் பொருள்களை நகைக்கு நிலைக்களனாக்கிக் காட்டுவது. ஆதலின் அதனை ‘அவலநகை’ என ஈண்டு வழங்குவோம். இவ்வகைப் படங்களைப் பற்றிக் காண்போர் கருத்து பெரும்பாலும் பிளவுபட்டே நிற்கின்றது. அப்பிளவினைச் சுவையறிந்தார்க்கும் அறியாதார்க்கும் இடைப்பட்டதென ஒதுக்குதல் எளிது, ஆயின் பொருந்தாது. எவ்வகை நகை, யாரை நோக்கிய நகை என்னும் இரண்டினையும் பிரித்துணர்ந்தால், மாறுபட்ட கருத்துகளும் தத்தம் இடத்தில் உண்மையாதல் புலனாகும். கொங்குநாட்டுக் கலைஞர் இருவர் கூடி ஆக்கிய ‘அமைதிப்படை’ (1994) என்னும் படத்தைக் கொண்டு இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரபின்கண் அவலநகை

அவலநகை மேலைநாட்டிலிருந்து வந்த புதுச்சரக்கு என்பார் உளர். ‘கருநகை’ எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரை ஆந்திரே பிரெத்தோன் 1940ஆம் ஆண்டில் தாம் தொகுத்த தொகைநூலுக்குப் பெயராக இட்டார் என்பது உண்மையே. பெயர் அங்குப் பிறந்தமையாற் பொருளும் அங்கே பிறந்தது எனல் ஆகாது. காஞ்சியிலிருந்து ஆண்ட மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் வடமொழியில் இயற்றிய ‘மத்தவிலாசம்’ என்னும் நகை நாடகத்தில், காபாலிகன் ஒருவன் தன் மண்டையோட்டுக் கலத்தை இழந்து தேடி அலைகின்றான். புத்தத் துறவி ஒருவரைக் கள்வரென்று பற்றுகின்றான். கலத்தைக் கவர்ந்து சென்றதோ நாய். மண்டையோடும் கள்ளும் தெருச்சண்டையும் கூடிய அந்நாடகம் அவலநகையின் பழஞ்சான்று.

தமிழில் இதனினும் வலியதொரு சான்று கலிங்கத்துப்பரணி. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்நூலில், பேய்கள் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் அடுகின்றன; அட்ட கூழை வரிசை வரிசையாக அமர்ந்து உண்கின்றன. உண்ணும் பேய்களுள் பார்ப்பனப்பேய் உண்டு, சமணப்பேய் உண்டு, புத்தப்பேய் உண்டு. மக்கள் இறந்து கிடக்கும் களத்தின்மேலே மக்களுடைய சமயவேறுபாடும் உணவொழுக்கமும் நகைக்கப்படுகின்றன. பரணியைப் போற்றி ஓதும் நாம், பிணத்தின்மேல் நகைத்தல் தமிழ்மரபிற்கு ஏலாது என்று திரைப்படத்தின்மேற் குறைகூறுதல் முரணாகும். ஆதலின் அவலத்தை நகைத்தல் தகுமோ என்பது வினாவன்று. எவ்வாறு நகைத்தல் தகும் என்பதே வினா.

நகையின் நிலைக்களன்

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்து, அதனையடுத்து அழுகையை வைத்தார். நகைக்கு மறுதலையாதலின் அழுகை அதன்பின் வைக்கப்பட்டது என்பது பேராசிரியர் கருத்து. மறுதலையாவன அடுத்தடுத்து நிற்றலின், ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும் வழி மிகக் குறுகியது என்று நாம் மேலும் கருதலாம். அவலநகை அவ்வழியில் நிற்கும் கலை.

நகைக்கு நிலைக்களன் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. எள்ளல் இகழ்தல், இளமை முதிராமை, பேதைமை அறிவின்மை, மடன் ஒருவர் கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதனைப் பின்னர் விடாமை. இவற்றை விளக்குமிடத்துப் பேராசிரியர் நுட்பமானதொன்று கூறுவர். எள்ளல் ஒன்றேயாயினும் அது இருவகைப்படும்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுதல் மற்றொன்று. இப்பாகுபாடு நம் ஆய்வுக்குத் திறவுகோலாவது.

மெய்ப்பாடு என்பது நடிப்போன் செய்தது காண்போரைச் சென்றடைதல் என்னும் செயிற்றியக் கருத்தினை இளம்பூரணர் எடுத்தாள்வர். இதன்படி, காண்போர் கருத்து படத்திற்குப் புறத்தே நிற்கும் ஓர் எச்சமன்று. மெய்ப்பாடு முற்றுப்பெறும் இடமே அது. ஆகவே காண்போர் எதனை நகைத்தனர், எதனை நினைவிற் கொண்டனர் என்பவற்றை ஆராயாத திரைப்படத் திறனாய்வு குறையுடையதாம்.

டென்மார்க்குப் படம் ஒன்று

ஒப்புநோக்கிற்கு உதவும் படம் ஒன்றை முதற்கண் காண்போம். டென்மார்க்கு நாட்டு இயக்குநர் ஆண்டர்ஸ் தாமஸ் யென்சன் எழுதி இயக்கி 2005இல் வெளிவந்த ‘ஆதாமின் ஆப்பிள்கள்’ அவலநகைக்குப் பெயர்பெற்றது. இனவெறி கொண்ட ஆதாம், தண்டனையின் ஒரு பகுதியாகச் சிற்றூர்த் தேவாலயம் ஒன்றிற்கு அனுப்பப்படுகின்றான். அங்குள்ள போதகன் ஐவான் உலகில் தீமையே இல்லை என்பவன். தன் மனைவி தற்கொலை செய்துகொண்டாள் என்பதை ஏற்கான். தன் மகனின் உடல் முடங்கியிருத்தலைக் காணான். இங்கு நீ முடிக்க எண்ணும் செயல் யாது என ஐவான் வினவ, ஆப்பிள் கொண்டு ஓர் அப்பம் சுடுவேன் என ஆதாம் ஏளனமாக விடையிறுக்கின்றான். ஐவானோ அதனை மெய்யாகவே ஏற்றுக்கொள்கின்றான். பின்னர் மரத்துக் கனிகளைக் காக்கையும் புழுவும் இடியும் அழிக்கின்றன. விவிலியத்தின் யோபு நூல் மீண்டும் மீண்டும் தானே விரிகின்றது.

இப்படத்தைக் கண்டோர் இருதிறப்படுவர். நோயையும் சாவையும் ஏளனப்படுத்துகின்றது என்பார் ஒருசாரார். நம்பிக்கையின் வலிமையை இதைப்போல் உணர்த்திய படம் இல்லை என்பார் மற்றொருசாரார். நம் இலக்கணங்கொண்டு நோக்கின் இம்மாறுபாடு தெளிவாம். ஐவானிடம் தோன்றும் நகைக்கு நிலைக்களன் மடன். கொண்டதை அவன் விடான். அம்மடனை எள்ளலாக மட்டும் கொண்டார்க்குப் படம் கொடுமையாகத் தோன்றுகின்றது. மடனாகவே கொண்டார்க்கு, நகைத்துக்கொண்டிருக்கும்போதே அவன்பால் இரக்கமும், இரக்கத்திலிருந்து வியப்பும் பிறக்கின்றன. நகைக்கப்படுவோனும் துன்புறுவோனும் ஒருவனேயாதலின், நகைத்த உள்ளம் மீண்டு இரங்குதற்கு வழி திறந்தே உள்ளது. இதனை நினைவிற்கொண்டு நம் நாட்டுப் படத்திற்கு வருவோம்.

அமைதிப்படை

‘அமைதிப்படை’யை இயக்கியவர் சூலூரைச் சேர்ந்த மணிவண்ணன். தந்தை, மகன் ஆகிய இருவேடங்களையும் தாங்கி நடித்தவர் கோவையைச் சேர்ந்த சத்தியராஜ். 1987 முதல் 1990 வரை ஈழத்தில் நின்ற இந்தியப் படைக்கு வழங்கிய பெயர் ‘அமைதிப்படை’. அப்பெயர் மக்கள் நாவில் நின்ற காலத்தில், அமைதியைக் குலைப்பவனே தலைமை பெறும் கதைக்கு அதனைச் சூட்டியது தொடக்கத்திலேயே அமைந்த எள்ளல்.

கோயிலிற் சிதறுதேங்காய் பொறுக்கி உண்பவன் அமாவாசை. அவனை மணிவண்ணனே நடித்த மணி என்னும் அரசியலாளன் கண்டெடுத்துத் தன் கைப்பாவையாகத் தேர்தலில் நிறுத்துகின்றான். வென்றபின் அமாவாசை, நாகராஜ சோழன் எம்.ஏ. ஆகின்றான். நிலவில்லா இரவின் பெயர் நீங்கி, ஒருபுறம் அரசகுலப் பெயரும் மறுபுறம் பல்கலைக்கழகப் பட்டமும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. முதுகலை பயில்வோரும் பயிற்றுவோரும் இந்நகையைத் தமக்குப் புறத்தே வைத்து நகைத்தல் இயலாது. பட்டம் அறிவின் அடையாளமாகாமல் பெயரின் அணியாகிவிட்ட குமுகாயத்தையே அவ்வீரெழுத்துச் சுட்டுகின்றது.

படத்தின் தலைசிறந்த காட்சி வாக்கெண்ணும் காட்சி. முதலில் மணியின்முன் ஒடுங்கியிருக்கும் அமாவாசை, தன் வாக்குகள் முந்தும் செய்தி வரவரச் சிறிது சிறிதாக நிமிர்கின்றான், இருக்கையிற் பரவுகின்றான், இறுதியிற் கால்மேற் காலிட்டுச் சாய்கின்றான். ஏவியவன் ஏவலனாதலும் ஏவலன் தலைவனாதலும் பெரும்பான்மையும் உடலாலேயே உணர்த்தப்படுகின்றன. உள்ளக்குறிப்பு உடம்பின்கண் வேறுபாடாக வெளிப்படுதலைச் சத்துவம் என்பர் நம் முன்னோர். அதற்கு இக்காலத்து எடுத்துக்காட்டு வேண்டுவார் இக்காட்சியைக் காண்க.

ஆட்சி பெற்றவன் தன் நலத்திற்காக மக்களிடையே கலவரம் மூட்டுகின்றான். அவன் முன்னர்க் காதல்மொழி கூறி வஞ்சித்துக் கைவிட்ட தாயம்மா என்பாளின் வயிற்றிற் பிறந்த மகனே காவலதிகாரியாக வந்து அவனை எதிர்க்கின்றான். கதை அறத்தின் வெற்றியில் முடிகின்றது. ஆயினும் கண்டோர் நாவில் நின்றவன் மகனல்லன், அமாவாசையே. ஒருவரே இருவேடமும் தாங்கினமையின் இதனை நடிகர்மேல் வைத்த விருப்பு எனல் ஆகாது. நகை எப்பக்கம் நின்றதோ அப்பக்கமே மக்கள் நினைவும் நின்றது.

கொங்குக் குசும்பு

நகை அப்பக்கம் நின்றதற்கு மொழியும் ஒரு காரணம். பெருந்துறை, ஈரோடு, கோவை வட்டாரங்களில் ‘குசும்பு’ என்னும் சொல் பெருவழக்கு. நக்கல் வெளிப்படையாகக் குத்துவது. நையாண்டி பிறர் போலச் செய்து பழிப்பது. குசும்போ பணிவின் உள்ளே ஒளிந்திருப்பது. கொங்குத் தமிழில் ‘ஏனுங்க’, ‘சரிங்க’, ‘ஆமாங்க’ என மரியாதை விகுதி பேச்சின் ஒவ்வோர் அடியிலும் வந்து சேரும். அவ்விகுதி உண்மைப் பணிவிற்கும் உரியது. உள்ளே நகைத்துக்கொண்டு புறத்தே பணிதற்கும் உரியது. சந்தையில் விலைபேசும் இருவர் ஒருவரையொருவர் ‘வாங்க, போங்க’ என்று பேசிக்கொண்டே மற்றவரை மடக்குதல் இந்நாட்டிற் காணும் இயல்பு.

இவ்வியல்பு அமாவாசையின் கதைக்கு மிகப் பொருந்துகின்றது. பணிவையே படிக்கட்டாகக் கொண்டு ஏறுபவன் அவன். பணிந்து பேசும் மொழியே பறிக்கும் மொழியுமாதலின், காண்போர் அவனது சூழ்ச்சியை அவனோடு உடனிருந்து காண்கின்றனர். மணிக்குத் தெரியாதது காண்போர்க்குத் தெரிகின்றது. மறையை உடனறிந்தார் உடன்பட்டார் போலாவர். வஞ்சகனோடு காண்போரைச் சேர்த்து வைப்பது அவன் செயலின் இனிமையன்று. அவன் மொழியின் மறைபொருளே.

காண்போர் கருத்து மூன்று

இப்படத்தைப் பற்றி இன்றுவரை வழங்கும் கருத்துகளை மூன்றாக அடக்கலாம். சத்தியராஜும் மணிவண்ணனும் நிகழ்த்தும் உரையாடல் நகைவிருந்து என்பது ஒன்று. தேர்தல் அரசியலைத் தோலுரித்துக் காட்டிய படம் என்பது இரண்டு. கொடியவனைக் கவர்ச்சியுடையவனாக்கி மக்கள் மனத்தைக் கெடுத்தது என்பது மூன்று. ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினும், இவை மூன்றும் படத்தின் வெவ்வேறு நகைகளைப் பற்றியன.

மணியும் அமாவாசையும் ஒருவரையொருவர் மடக்கும் இடங்களில் எள்ளுவானும் எள்ளப்படுவானும் இருவரும் கயவரே. அங்குத் துன்புறுவார் யாருமிலர். ஆண்டுப் பிறக்கும் நகை விளையாட்டு நகை. முதற்கருத்தினர் கண்டது இது.

வாக்கெண்ணும் காட்சியிலும் நாகராஜ சோழன் மேடையேறும் இடங்களிலும் எள்ளப்படுவோர் யாவர்? அவனைத் தேர்ந்தெடுத்த மக்கள். திரையரங்கில் அமர்ந்து நகைப்போரும் அம்மக்களே. பேராசிரியர் கூறிய இரண்டாம் வகை எள்ளல், அதாவது பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுதல், இங்கு அரங்கம் முழுவதிலும் நிகழ்கின்றது. தான் ஏமாந்ததைக் கண்டு தானே நகைப்பவன் ஏமாற்றத்தின் வழியை அறிந்தவனாகின்றான். இரண்டாம் கருத்தினர் கண்டது இது. படத்தின் பெருமையும் இதிலேயே உள்ளது.

இனி, மூன்றாம் கருத்து. அமாவாசை தாயம்மாவுக்கு அல்வாக் கொடுத்து வஞ்சிக்கும் காட்சி உண்டு. அவள் ஏதும் அறியாதவள். அவன்மேல் நம்பிக்கை வைத்தவள். இக்காட்சியில் நகைக்கு நிலைக்களனாவன அவளது இளமையும் பேதைமையும். விளைவோ அவளது வாழ்வின் அழிவு. கதையின் போக்கு இதனைக் குற்றமாகவே கொள்கின்றது. பின்னர் வரும் பகையெல்லாம் இதனின்றே எழுகின்றது. ஆயினும் காண்போர் வழக்கில் இக்காட்சி வேறு வாழ்வு பெற்றுவிட்டது. ‘அல்வாக் கொடுத்தல்’ என்பது ஏமாற்றுதலுக்கு நகைச்சொல்லாய் நாடெங்கும் வழங்குகின்றது. அச்சொல்லைக் கேட்டவுடன் அமாவாசையின் முகம் பலர்க்கும் நினைவில் வரும். தாயம்மாவின் முகம் வருவதில்லை. ஐவானிடத்து நகைக்கப்படுவோனும் துன்புறுவோனும் ஒருவனாதலின் நகை இரக்கமாகத் திரும்பிற்று. இங்கு நகையைத் தருபவன் ஒருவன், துன்பத்தை ஏற்பவள் ஒருத்தி. நகை அவனோடு சென்றுவிட்டது. அழுகை அவளோடு தனித்து நின்றுவிட்டது. மூன்றாம் கருத்தினர் குறைகூறுவது இப்பிரிவையே. அவர்தம் குறை முழுப்படத்திற்கும் பொருந்தாதாயினும், இக்காட்சிக்கு முற்றும் பொருந்தும்.

ஒரு தடையும் விடையும்

காண்போர் பின்னாளில் மறந்ததற்குப் படம் எங்ஙனம் பொறுப்பாகும் என்று ஒரு தடை எழுப்பலாம். நடிப்போன் செய்தது காண்போரை அடைதலே மெய்ப்பாடு எனக் கொண்டபின், அடைந்தது யாது என்பதில் ஆக்கியோனுக்கும் பங்குண்டு. வஞ்சிக்கும் இடத்தில் வஞ்சகனுக்குத் தந்த நயமான பேச்சும் முகக்குறிப்பும் வஞ்சிக்கப்பட்டாளுக்குத் தரப்படவில்லை. மணிக்கும் அமாவாசைக்கும் இடையே சமனாக நின்ற துலாக்கோல் இங்குச் சாய்ந்துவிட்டது.

இதற்குப் பின்வந்த வரலாறும் சான்று பகர்கின்றது. பத்தொன்பது ஆண்டுகளின் பின் 2013இல் மணிவண்ணன் இதன் தொடர்ச்சியாக ஒரு படம் இயக்கினார். அவ்வாண்டு சூன் மாதம் 15ஆம் நாள் அவர் மறைந்தார். அப்படத்தின் பெயர் ‘நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ.’ என்பது. முன்படத்தின் முடிவில் அறத்தின்முன் தோற்றவன் பின்படத்தின் தலைப்பாகவே ஆகிவிட்டான். மக்கள் நினைவு யாரைப் பற்றி நின்றதோ அவன் பெயரையே தலைப்பு ஏற்றது.

அதே ஆண்டில் நலன் குமாரசாமி இயக்கிய ‘சூது கவ்வும்’ வெளிவந்தது. ஆள்கடத்தலுக்கெனத் தனக்குத்தானே விதிகள் வகுத்துக்கொண்டு அவற்றை விடாப்பிடியாகக் கொண்டு நிற்கும் தாஸ் என்பவன் அதன் தலைவன். அவனோடு உரையாடும் காதலியோ அவன் மனத்தில் மட்டும் உள்ளவள். இந்நகைக்கு நிலைக்களன் பெரும்பான்மையும் மடனே. அவனது மடனால் முதலில் அடிபடுவோன் அவனே. ஆதலின் இவ்வளவில் இப்படம் ஐவானின் இனத்தைச் சேர்ந்தது. கொண்டோடி வாழ்வோனைத் தலைவனாக்கியது எனக் குறைகூறினார்க்கும் அவன்மேல் வெறுப்பு எழாமைக்குக் காரணம் இது. எனினும் தலைப்பில் ஒரு குறிப்பு உண்டு. பாஞ்சாலி சபதத்தில் பாரதியார், சூது அறத்தைப் பற்றும், அறம் மீண்டும் வெல்லும் என இருபகுதியாகக் கூறியதில், படம் முற்பகுதியை மட்டும் தலைப்பாகக் கொண்டது. நேர்மையான அமைச்சர் ஒதுக்கப்பட, நேர்மையற்ற மகன் அவரிடத்தைப் பெறும் முடிவு அத்தலைப்பிற்கு ஒத்ததே. 1994இன் படம் அறம் வென்றதெனக் கூறியும் காண்போர் கயவனையே கொண்டாடினர். 2013இன் படம் அவ்வெற்றியைக் கூறாமலே விட்டது. இரண்டனுள் பின்னது காண்போரிடம் மறைத்தது குறைவு எனலாம்.

முடிபு

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். அவலத்தை நகைத்தல் தமிழ்மரபிற்குப் புறம்பன்று. அவலநகையைப் பற்றிய காண்போர் பிளவு, நகையின் நிலைக்களனும் நகைக்கப்படுவோனும் வேறுபடுதலாற் பிறப்பது. அதனைச் சுவைவேற்றுமை என்று மட்டும் கூறிக் கடத்தல் ஆகாது. நகைக்கப்படுவோனும் துன்புறுவோனும் ஒன்றியவிடத்து நகை இரக்கத்திற்குத் திரும்பும். அவ்விருவரும் பிரிந்தவிடத்துத் துன்புற்றார் மறக்கப்படுவர்.

‘அமைதிப்படை’ நம்மை நாமே நகைக்கச் செய்தவிடத்து உயர்ந்தும், தாயம்மாவை நகைக்கவிட்டவிடத்துத் தாழ்ந்தும் நிற்கின்றது. இவ்விரண்டையும் ஒருசேரக் கூறுதலே நடுவுநிலைத் திறனாய்வாம். திரைப்படத்தை ஆய்வுப்பொருளாக எடுக்கும் முதுகலை மாணவர், கதைச்சுருக்கமும் நடிகர்புகழும் தொகுப்பதோடு அமையாது, கண்டோர் எவ்விடத்து நகைத்தனர், அவ்விடத்து எள்ளப்பட்டார் யாவர், நகை ஓய்ந்தபின் யார் பெயர் நினைவில் நின்றது என்னும் மூன்றனையும் வினவித் தொகுப்பாராயின், மெய்ப்பாட்டியல் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் நில்லாது, நம் காலத்துக் கலையை அளக்கும் கோலாகவும் பயன்படும். அவ்வாறு வினவுவோர், அமாவாசையின் பெயரைக் கூறுவாரிடம் தாயம்மாவின் பெயரையும் கேட்டுப் பார்த்தல் நன்று.